25 ரூபாய் எண்ணெயின் கணக்கு

முதுகுளத்தூர் வட்டாரத்தில் ஒரு வீட்டுக்குள் எந்த எண்ணெய் நுழைகிறது என்பதை விலைதான் முடிவு செய்கிறது. ரேஷன் கடையில் அட்டைக்கு மாதம் ஒரு லிட்டர் பாமாயில், 25 ரூபாய். 2007இல் சிறப்புப் பொது விநியோகத் திட்டம் வந்ததிலிருந்து பருப்போடு சேர்ந்து இதுவும் வருகிறது. வெளியில் அதே எண்ணெய் நூறு ரூபாயைத் தாண்டும். கடலை எண்ணெய் அதற்கு மேல், நல்லெண்ணெய் அதற்கும் மேல். மரச்செக்கு என்று சீட்டு ஒட்டிவிட்டால் விலை கேட்கவே தயக்கமாக இருக்கும். குண்டு மிளகாய்க்கு நல்ல விலை கிடைத்த வருஷம் அடுப்படியில் கடலை எண்ணெய் நிற்கும். மழை ஏமாற்றிய வருஷம் பாமாயிலோடு சரி.

இந்த மஞ்சள் பாக்கெட்டைப் பற்றி இரண்டு விதமான பேச்சு நடக்கிறது. பாமாயில் விஷம், மாரடைப்புக்கே அதுதான் காரணம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு கூட்டம். இத்தனை வருஷம் சாப்பிட்டோம், என்ன ஆகிவிட்டது என்று ஊரில் இன்னொரு கூட்டம். இரண்டுமே கணக்குப் பார்க்காத பேச்சு.

எந்த எண்ணெயானாலும் கிராமுக்கு 9 கலோரிதான். இதில் செக்கு, ஆலை, ரேஷன் என்ற பேதம் கிடையாது. வித்தியாசம் அதன் கொழுப்பு அமிலங்களில் இருக்கிறது. அறை வெப்பத்தில் உறைந்துபோகும் குணமுள்ளது நிறைவுற்ற கொழுப்பு. குளிரிலும் ஓடுவது நிறைவுறாத கொழுப்பு. பாமாயிலில் நிறைவுற்ற கொழுப்பு நூற்றுக்கு 40 முதல் 45 பங்கு. கடலை எண்ணெயில் இருபதுக்குள், நல்லெண்ணெயில் 15 பங்கு அளவு, சூரியகாந்தியில் 11 பங்கு அளவு. நெய்யில் அறுபதைத் தாண்டும். தேங்காய் எண்ணெயில் எண்பதையும் தாண்டித் தொண்ணூறை நெருங்கும்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு, நாம் சாப்பிடும் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பிலிருந்து வரக்கூடாது என்பது. 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 22 கிராம். ஒருவர் நாளுக்கு 25 கிராம் பாமாயில் சாப்பிட்டால் அதில் 11 கிராம் போய்விடும். வரம்பில் பாதி அங்கேயே தீர்ந்தது. மீதிப் பாதியில்தான் தேங்காய்ச் சட்னி, பால் டீ, ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி எல்லாம் அடங்க வேண்டும். அதே 25 கிராம் கடலை எண்ணெயானால் 5 கிராம்கூடச் செலவாகாது. பாமாயில் விஷம் இல்லை. வரம்பைச் சீக்கிரம் தின்றுவிடும் எண்ணெய், அவ்வளவே.

ரேஷன் எண்ணெயை மாற்றினால் ஒரு நாட்டின் ரத்தத்தில் என்ன நடக்கும் என்பதை யூகிக்க வேண்டிய அவசியமில்லை. ஒரு நாடு செய்தே பார்த்துவிட்டது. மொரீசியஸ், இந்திய வம்சாவளியினர் பெரும்பான்மையாகவும் அவர்களில் தமிழர் கணிசமாகவும் வாழும் தீவு. அங்கும் அரசு மானியத்தில் ‘ரேஷன் எண்ணெய்’ விற்றது. அதில் பெரும்பங்கு பாமாயில். சர்க்கரை நோயும் இதய நோயும் பெருகுவதைக் கண்ட அரசு 1987இல் ஒரு தடுப்புத் திட்டத்தைத் தொடங்கி, ரேஷன் எண்ணெயை முழுக்க சோயா எண்ணெயாக மாற்றியது. வீட்டுக்கு வீடு போய் யாருக்கும் புத்தி சொல்லத் தேவைப்படவில்லை, வாங்குகிற குப்பி அதேதான், உள்ளே இருப்பது மட்டும் வேறு. 1992இல் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மக்களின் சராசரிக் கொலஸ்ட்ரால், நம் ஊர் பரிசோதனைச் சீட்டின் அலகில் சொன்னால், ஏறத்தாழ 213இலிருந்து 182க்கு இறங்கியிருந்தது. ஐந்தே வருஷம். இந்த முடிவு 1995இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியானது. இறக்கத்தில் கணிசமான பங்கு எண்ணெய் மாற்றத்தால் வந்தது என்று அடுத்த வருஷம் வந்த ஆய்வு மதிப்பிட்டது.

தமிழ்நாட்டு ரேஷனுக்கு இதைவிடப் பொருத்தமான முன்னுதாரணம் கிடைக்காது. பாமாயிலை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லவில்லை. 25 ரூபாய்க்கு வேறு எண்ணெய் கிடைக்காத வீட்டில் அது இல்லாமல் தாளிப்பே இருக்காது. பாதியளவாவது கடலை எண்ணெயோ தவிட்டு எண்ணெயோ கலந்து கொடுப்பதற்கு எவ்வளவு கூடுதல் மானியம் ஆகும் என்று அரசு கணக்குப் போட்டுச் சொல்லட்டும். ரேஷனில் தேங்காய் எண்ணெய் கொடுங்கள் என்று தென்னை விவசாயிகள் பல வருஷமாகக் கேட்கிறார்கள். அவர்கள் கொப்பரைக்கு விலை கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இதயத்தின் பெயரைச் சொல்லி அந்தக் கோரிக்கையை வைத்தால் அது தப்பு. நிறைவுற்ற கொழுப்பு இரண்டு மடங்காகும்.

நிறைவுற்ற கொழுப்பு எப்படிக் கொலஸ்ட்ராலை ஏற்றுகிறது? ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து திரியும் எல்.டி.எல். துகள்களைக் கல்லீரல் தன் செல்களின் மேலுள்ள ஏற்பிகளால் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. இந்த ஏற்பிகளைக் கண்டறிந்ததற்காகத்தான் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. நிறைவுற்ற கொழுப்பு அதிகமானால் கல்லீரலில் ஏற்பிகளின் எண்ணிக்கை குறைகிறது. இறக்க இடம் கிடைக்காத லாரிகள் சாலையிலேயே சுற்றுவதுபோல எல்.டி.எல். ரத்தத்திலேயே சுற்றுகிறது, சுற்றுகிற காலத்தில் ரத்தக்குழாய்ச் சுவருக்குள் நுழைந்து படிகிறது. இது ஒரு நாளில், ஒரு விருந்தில் நடப்பதல்ல. இருபது முப்பது வருஷம் சத்தமில்லாமல் நடந்து, ஒரு நாள் படிவு வெடித்து, அங்கே ரத்தம் உறைந்து, குழாய் அடைபடும். இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லையே என்ற வாதம் நிற்காமல் போவது இதனால்தான்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் எண்ணெயை மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்துவிடலாம். மொரீசியஸ் ஆய்வு நமக்குப் பாதகமான இன்னொரு செய்தியையும் வைத்திருக்கிறது. கொலஸ்ட்ரால் இறங்கிய அதே ஐந்து வருஷத்தில் அத்தீவு மக்களின் உடல் பருமன் ஏறியது. சர்க்கரைக் கோளாறு குறையவில்லை. குப்பிக்குள் இருப்பதை மாற்றினால் எல்.டி.எல். கேட்கும், இன்சுலின் கேட்காது.

நம் நிலைமை இந்த இரண்டாவது பக்கத்தில்தான் மோசம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆதரவில் நடந்த இந்தியாப் என்ற பெரிய ஆய்வு, தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு இடங்களின் ரத்தக் கொழுப்பு அளவுகளை 2014இல் வெளியிட்டது. மொத்தக் கொலஸ்ட்ரால் அதிகமாக இருந்தவர்கள் நூற்றுக்கு 13.9 பேர். எல்.டி.எல். அதிகமாக இருந்தவர்கள் 11.8 பேர். டிரைகிளிசரைடு அதிகமானவர்கள் 29.5 பேர். இதயத்தைக் காக்கும் எச்.டி.எல். குறைவாக இருந்தவர்களோ 72.3 பேர். அதாவது, நம்மிடையே கொலஸ்ட்ரால் கூடியவரைவிட, கொலஸ்ட்ரால் சரியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டு, டிரைகிளிசரைடு ஏறியும் எச்.டி.எல். இறங்கியும் இருப்பவர்தான் அதிகம். மொத்தக் கொலஸ்ட்ரால் 180 என்ற சீட்டைக் காட்டி, ஒன்றுமில்லை என்று சந்தோஷப்படுகிறவர்களை எந்த டீக்கடை பெஞ்சிலும் பார்க்கலாம்.

டிரைகிளிசரைடு என்பது கொழுப்பு. ஆனால் அதை ஏற்றுவது பெரும்பாலும் எண்ணெய் அல்ல, சோறும் சீனியும். தேவைக்கு மேல் வந்த மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது. அப்படி உற்பத்தியாவதில் முக்கியமானது பால்மிடிக் அமிலம், பாமாயிலில் இருக்கும் அதே அமிலம். எண்ணெயே தொடாமல் மூன்று வேளையும் வெள்ளைச் சோறு தின்று வெறுமனே உட்கார்ந்திருப்பவருடைய கல்லீரல் தனக்கு வேண்டிய பாமாயிலைத் தானே காய்ச்சிக்கொள்கிறது என்று சொன்னால் மருத்துவர்கள் சிரிப்பார்கள், மறுக்க மாட்டார்கள். அந்தக் கொழுப்பில் ஒரு பகுதி கல்லீரலிலேயே தங்குகிறது. மீதி ரத்தத்தில் டிரைகிளிசரைடாக வெளியேறி எச்.டி.எல்லைக் குறைக்கிறது, எல்.டி.எல். துகள்களைச் சிறிதாக, அடர்த்தியாக மாற்றுகிறது. குழாய்ச் சுவரில் எளிதில் நுழைபவை இந்தச் சிறு துகள்கள்.

முதுகுளத்தூர், கமுதி, கடலாடிப் பக்கம் இரண்டு தலைமுறைக்கு முன் சோளமும் கம்பும் குதிரைவாலியும் சாதாரணச் சாப்பாடு. சோறு நாள் கிழமைக்கு. 2011இலிருந்து ரேஷன் அரிசி இலவசம். பசியை ஒழித்த திட்டம் அது; குறை சொல்ல மனம் வராது. ஆனால் அரிசி வந்த அதே காலத்தில் உடல் உழைப்பு போய்விட்டது. கரிமூட்டத்துக்குச் சீமைக்கருவேலம் வெட்டியவரின் பிள்ளை இன்று ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், செல்போன் கடையில் உட்கார்ந்திருக்கிறார், சென்னையிலோ வளைகுடாவிலோ காவலாளியாக நிற்கிறார். தட்டின் அளவு மட்டும் தாத்தாவுடையது.

கொழுப்பு ஆராய்ச்சியில் இருபது வருஷமாக நடந்த குழப்பத்துக்கும் விடை இந்தச் சோறு, சீனிக் கணக்கில்தான் இருக்கிறது. 2014இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, நிறைவுற்ற கொழுப்புக்கும் இதய நோய்க்கும் தெளிவான தொடர்பு தெரியவில்லை என்றது. வெண்ணெய் திரும்பி வந்துவிட்டது என்று உலகப் பத்திரிகைகள் கொண்டாடின. மாவுச்சத்தைத் தவிர்த்துக் கொழுப்பைச் சாப்பிடச் சொல்லும் பேலியோக் குழுக்கள் நம் ஊரிலும் அதைப் பிடித்துக்கொண்டன. அந்த முடிவில் ஒரு முக்கியக் கேள்வி விடுபட்டிருந்தது: நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்தவர்கள் அந்த இடத்தில் எதைச் சாப்பிட்டார்கள்? வெள்ளை ரொட்டியும் சீனியும் சாப்பிட்டிருந்தால் எல்.டி.எல். இறங்கும், கூடவே எச்.டி.எல்லும் இறங்கும், டிரைகிளிசரைடு ஏறும், லாபம் இராது. நிறைவுறாத கொழுப்பைச் சாப்பிட்டிருந்தால் ஆபத்து குறையும். அமெரிக்க இதயச் சங்கம் 2017இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நிறைவுற்ற கொழுப்புக்குப் பதில் நிறைவுறாத தாவர எண்ணெய் கொடுத்துச் செய்த சோதனைகளில் இதய நோய் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்தது. எண்ணெயைக் குறைத்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு கூடுதலாக ஒரு கரண்டி சோறு போட்டுக்கொள்கிறவர் தன்னைத்தானே ஏமாற்றுகிறார்.

இனி செக்கு எண்ணெய். செக்கில் ஆட்டியதால் எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் மாறுவதில்லை. வாசனையும் சில நுண்சத்துகளும் கூடுதலாக மிஞ்சும். அதற்கு விலை கொடுக்க முடிந்தவர் கொடுக்கட்டும். செக்குக் கடலை எண்ணெயும் ஆலைக் கடலை எண்ணெயும் எல்.டி.எல்லைப் பொறுத்தவரை ஏறக்குறைய ஒன்றுதான். தேங்காய் எண்ணெய் பற்றி நியாயமாக இரண்டு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2020இல் வெளியான, 16 சோதனைகளைத் தொகுத்த ஆய்வில், மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்லை 10 மில்லிகிராம் அளவு ஏற்றியது. கொச்சியில் இதய நோயாளிகளுக்கு இரண்டு வருஷம் தேங்காய் எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் கொடுத்துப் பார்த்த 2016ஆம் ஆண்டு ஆய்வில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் அவர்கள் எல்லாரும் வழக்கமான இதய சிகிச்சையில் இருந்தவர்கள். மருந்து சாப்பிடாத ஆள் அந்த ஆய்வைக் காட்டித் தேங்காய் எண்ணெயைத் தாராளமாக ஊற்றக்கூடாது.

பாமாயில், தேங்காய் எண்ணெய், நெய் இவற்றுக்கெல்லாம் அளவு என்று ஒன்று சொல்லலாம். அளவே சொல்ல முடியாதது டிரான்ஸ் கொழுப்பு. திரவ எண்ணெயைக் கெட்டியாக்க ஹைட்ரஜன் ஏற்றும்போது முழுதாக ஏறாமல் பாதியில் நின்றால் இது உண்டாகும். வனஸ்பதி அப்படிப் பிறந்தது. 1937இல் வந்த டால்டா என்ற பெயரே அந்தப் பொருளுக்குப் பெயராகிவிட்டது. டிரான்ஸ் கொழுப்பு எல்.டி.எல்லை ஏற்றி, கூடவே எச்.டி.எல்லை இறக்குகிறது என்று நெதர்லாந்தின் மென்சிங்க், காட்டன் இருவரும் 1990இல் காட்டினார்கள். மொத்தக் கலோரியில் இரண்டு சதவீதம் இதிலிருந்து வந்தாலே இதய நோய் ஆபத்து 23 சதவீதம் கூடுகிறது என்று 2006இல் வந்த கணக்கு சொல்கிறது. டென்மார்க் 2003இலேயே 2 சதவீத வரம்பு போட்டது. டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 2009இல் நம் வனஸ்பதிகளைச் சோதித்தபோது அந்த வரம்பைப்போல் 5 முதல் 12 மடங்கு இருந்தது. இந்தியாவில் 10 சதவீதம், பிறகு 5, 2021இல் 3 என்று படிப்படியாக இறக்கி, 2022 ஜனவரி 1 முதல் 2 சதவீதம் என்று சட்டம் நிற்கிறது.

இது நல்ல சட்டம். ஆனால் பரோட்டா மாவு நெகிழ்ந்து விசிற இன்னும் கெட்டிக் கொழுப்புதான் வேண்டும். டிரான்ஸ் குறைந்த இன்றைய வனஸ்பதியில் அந்த இடத்தைப் பெரும்பாலும் பாமாயிலின் நிறைவுற்ற பகுதி பிடித்திருக்கிறது. பொட்டலத்தில் ‘டிரான்ஸ் கொழுப்பு இல்லை’ என்று இருப்பதைப் பார்த்துத் திருப்திப்படாமல் பக்கத்து வரியில் நிறைவுற்ற கொழுப்பு எத்தனை கிராம் என்று பார்க்க வேண்டும். பரோட்டாவில் மைதாவும் கெட்டிக் கொழுப்பும் ஒரே வாயில் போகின்றன. மேலே சொன்ன இரண்டு பாதைகளும் ஒரே தட்டில் சந்திக்கும் பண்டம் அது. ராத்திரி ஒன்பது மணிக்கு நாலு பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுப் படுக்கிற பழக்கத்துக்கு எந்த எண்ணெய் மாற்றமும் ஈடு கட்டாது.

வடைச் சட்டி வேறு பிரச்சினை. “நேத்து எண்ணெய் கொஞ்சம் கலந்தாத்தான் வடை நல்லா செவக்கும்ணே” என்று வடை மாஸ்டர் சொல்வதில் தொழில் உண்மை இருக்கிறது. லேசாகப் பழகிய எண்ணெய் சீக்கிரம் சிவக்க வைக்கும்தான். ஆனால் காய்ந்து காய்ந்து ஆறிய எண்ணெயில் ஆக்சிஜன் ஏறி, கொழுப்பு உடைந்து, துருவச் சேர்மங்கள் என்ற கழிவுகள் சேர்ந்துகொண்டே போகின்றன. இவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை 1 முதல் விதித்திருக்கிறது. அதே வருஷம் ஆகஸ்டில், பழைய எண்ணெயைச் சேகரித்துப் பயோடீசலாக்கும் திட்டமும் வந்தது. நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவழிக்கும் கடைகள் கணக்கு எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. நம் ஊர் டீக்கடை அந்த 50 லிட்டருக்குள் அடங்கிவிடும். சட்டி அடியில் மிஞ்சியதன் மேலேயே புது எண்ணெய் ஊற்றப்படும். கண்ணால் பார்க்க முடிந்த அடையாளங்கள் உண்டு: எண்ணெய் கறுத்து, பிசுக்கென்று கெட்டியாகி, காய்வதற்குள் புகைந்து, மேலே நுரை அடங்காமல் நிற்கும். அந்தச் சட்டியிலிருந்து வருவதை வாங்காதீர்கள். வீட்டிலும் அப்பளம் பொரித்த எண்ணெயை வடிகட்டி ஒரு முறை தாளிப்புக்குப் பயன்படுத்தலாம். மறுபடி பொரிக்க வேண்டாம். சூரியகாந்தி போன்ற எண்ணெய்கள் அதிகச் சூட்டில் பாமாயிலைவிட வேகமாகக் கெடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதயத்துக்கு நல்ல எண்ணெய், பொரிப்பதற்கும் நல்ல எண்ணெய் என்று ஆகிவிடாது.

முதுகுளத்தூரிலிருந்து தெற்கே ஏறத்தாழ முப்பது கிலோமீட்டரில் கடல். அங்கே சூடையும் சாளையும் காணாங்கெளுத்தியும் ஏறுகின்றன. நெய்ச்சத்துள்ள இந்த மலிவு மீன்களில்தான் ஒமேகா-3 கொழுப்பு நிறைய இருக்கிறது. டிரைகிளிசரைடை இறக்குவதில் அதற்குப் பெயர் உண்டு. வேல்ஸில் மாரடைப்பிலிருந்து பிழைத்த 2033 ஆண்களிடம் நடத்தி 1989இல் வெளியான சோதனையில், வாரம் இரண்டு முறை இத்தகைய மீன் சாப்பிடச் சொல்லப்பட்டவர்களில் இரண்டு வருஷ மரணம் 29 சதவீதம் குறைவு. பின்னால் வந்த சோதனைகள் எல்லாமே இப்படிச் சாதகமாக இல்லை. மாத்திரை வடிவ மீன் எண்ணெய் பல பெரிய சோதனைகளில் தோற்றது. ஆகவே மீன் மருந்தில்லை, ஆனால் கறிக்கும் பரோட்டாவுக்கும் பதில் தட்டில் வைக்கத் தகுந்த பண்டம். பொரித்த மீன் சாப்பிட்டவர்களிடம் அந்த நன்மை தெரியவில்லை என்று அமெரிக்க முதியோர் ஆய்வொன்று காட்டியிருக்கிறது, குழம்பாக வையுங்கள். நம் கரையில் சின்ன மீன் ‘சங்காயம்’ என்ற பெயரில் காய்ந்து கோழித் தீவனமாகவும் மீன்தூளாகவும் போகிறது. நல்ல சாளை ஐஸ் பெட்டியில் கேரளத்துக்கு வண்டி ஏறுகிறது. உள்ளூர்ச் சந்தைக்குப் பண்ணைக் கறிக்கோழி வருகிறது.

உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்கு நாளுக்கு 25 கிராம், பெண்ணுக்கு 20 கிராம் எண்ணெய் போதும் என்பது ஐ.சி.எம்.ஆர். 2010இல் வகுத்த அளவு. இரண்டு ஆண், இரண்டு பெண் உள்ள வீட்டுக்கு மாதம் மூன்று லிட்டர். அதில் ஒன்று ரேஷன் பாமாயிலாக இருந்து, மற்ற இரண்டும் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயுமாக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஐந்து லிட்டர் ஓடுகிற வீட்டில் எந்த எண்ணெய் என்ற விவாதமே வீண்.

முப்பது வயதைத் தாண்டியவர்கள் வெறும் ‘கொலஸ்ட்ரால்’ பார்க்கச் சொல்லாமல் முழுக் கொழுப்புப் பரிசோதனை கேளுங்கள். சீட்டில் டிரைகிளிசரைடு 150க்கு மேலோ, எச்.டி.எல். ஆணுக்கு 40க்கும் பெண்ணுக்கு 50க்கும் கீழோ இருந்தால் சோற்றையும் சீனியையும் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். எல்.டி.எல். அதிகம் என்று மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால், எண்ணெயை மாற்றிவிட்டேன் என்று அதை நிறுத்தாதீர்கள். நெஞ்சு அழுத்தி, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்துக் கொட்டினால் வாயு என்று சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். பெரிய ஆஸ்பத்திரி உள்ள மதுரை ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டர்வாஸ்டாட்டின் சேர்ந்த 14 மாத்திரைகள் முதலுதவியாக ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் வைக்கப்பட்டுள்ளன. 108ஐ அழையுங்கள், பக்கத்து நிலையத்துக்குப் போங்கள், மாத்திரையைக் கேளுங்கள்.